புத்தாடையை ஏற்கும் மனம்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது தமிழ் மக்களின் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மனிதனின் பாதியாகவே மதிக்கப்படும் ஆடையில் மாற்றம் செய்வது எளிய காரியமன்று. உண்ணும் உணவை ஒருவர் மாற்றிக்கொண்டால் அதனை அவருடைய வீட்டார் மட்டுமே அறிவர். உடுக்கும் உடையை மாற்றிக்கொண்டாலோ தெருவே அறியும். ஆதலின் புதிய ஆடை ஒன்று ஓர் ஊருக்குள் நுழையும்போது, அதனை ஏற்பதா தள்ளுவதா என்னும் கேள்வி ஒவ்வொருவர் மனத்திலும் எழுகின்றது. அக்கேள்விக்கு மக்கள் காலந்தோறும் அளித்த விடைகளைத் தொகுத்துப் பார்த்தால், அது ஒரு சமூகத்தின் வரலாறாகவே அமைந்துவிடும்.

இக்காலத்தில் அக்கேள்வியைப் புதுவடிவில் எழுப்பியிருப்பது ‘திறன் ஆடை’ எனப்படும் ஆடை வகையாகும். மின்சாரத்தைக் கடத்தும் நுண்ணிழைகளும், உடலின் நிலையை அறியும் உணரிகளும் துணியோடு சேர்த்து நெய்யப்பட்ட ஆடை இது. அணிந்தவருடைய இதயத் துடிப்பையும் மூச்சையும் உடல் வெப்பத்தையும் அது அளந்து, தொலைவில் உள்ள மருத்துவருக்கோ உறவினருக்கோ அறிவிக்க வல்லது.

1996ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் இத்தகைய சட்டை ஒன்றை உருவாக்கும் முயற்சி தொடங்கிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுந்தரேசன் ஜெயராமன் என்னும் அறிஞர். போர்க்களத்தில் காயமுற்ற வீரனைக் காப்பதே அம்முயற்சியின் முதல் நோக்கம். சட்டை முழுவதும் ஒளியைக் கடத்தும் கண்ணாடி போன்ற இழை ஓடும். குண்டு பாய்ந்து இழை அறுந்தால் ஒளி மறுமுனையை எட்டாது. காயம் பட்ட இடம் அதனால் விளங்கும். பின்னர் கைக்குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கவும் அத்துணி தகுமெனக் கண்டனர். இம்முயற்சி தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், இதயத்தைக் காக்கும் சட்டை வீடுதோறும் கொடியில் உலரவில்லை. கருவி கைக்கு வந்துவிட்டது. அதனை ஏற்கும் மனம் ஏன் வரவில்லை?

இவ்வினாவுக்கு விடை தேட ஆய்வுகூடங்களுக்குச் செல்லவேண்டுவதில்லை. பல இனத்தவரும் பல சமயத்தவரும் தோளோடு தோள் உரசி வாழும் கொழும்பு மாநகரின் உடை வரலாறே போதிய விடை தரும். கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் அவ்வரலாற்றின் இரு பெரும் அத்தியாயங்கள்.

1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். அவர்களை 1656இல் ஒல்லாந்தர் கொழும்பிலிருந்து அகற்றினர். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சிகள் போயின, ஆடைகளின் பெயர்கள் எஞ்சின. ஈழத்துத் தமிழர் பாதணியைச் ‘சப்பாத்து’ என்பர். கைக்குட்டையை ‘லேஞ்சி’ என்பர். காற்சட்டையை முதியோர் ‘களிசான்’ என்று வழங்கினர். மூன்றும் போர்த்துக்கேய மொழி தந்த சொற்கள். பொத்தானும் அவ்வழியே வந்ததென்பர். அந்நியருடைய ஆடை முழுவதையும் மக்கள் ஒரே நாளில் மேற்கொண்டுவிடவில்லை. சப்பாத்து காலைக் காத்தது. லேஞ்சி வியர்வையைத் துடைத்தது. பொத்தான் சட்டையை இணைத்தது. பயன் வெளிப்படையாகத் தெரிந்த துண்டுகள் முதலில் வந்தன. மற்றவை காத்திருந்தன. புதுமையை மக்கள் மொத்தமாக ஏற்பதில்லை, துண்டு துண்டாகவே ஏற்கின்றனர் என்பது இவ்வரலாறு தரும் முதற் பாடம்.

ஆங்கிலேயர் காலத்தில் கொழும்புக் கோட்டையில் அரசாங்கக் கந்தோர்களும் வணிக நிலையங்களும் பெருகின. கொட்டாஞ்சேனையிலிருந்தும் பின்னர் வெள்ளவத்தையிலிருந்தும் தமிழ் எழுதுவினைஞர் பலர் அங்கு வேலைக்குச் சென்றனர். கந்தோருக்குக் காற்சட்டையும் மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும். வீடு திரும்பியதும் வேட்டி அல்லது சாரம். கொச்சிக்கடையில் 1857ஆம் ஆண்டு பொன்னம்பல முதலியார் நிறுவிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற்றளியாக எடுப்பித்தார். அக்கோயிலின் வாயிலை அடைந்ததும் நீதிமன்றச் சட்டத்தரணியும் சட்டையைக் கழற்றி, வேட்டியும் சால்வையுமாகவே உட்சென்றார். அதே கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியாள் பேராலயத்துக்குச் சென்ற கத்தோலிக்கப் பெண்கள் முக்காடிட்டுச் சென்றனர்.

இங்கே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. புதிய ஆடை பழைய ஆடையை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. ஒவ்வோர் ஆடைக்கும் ஓர் இடமும் ஒரு வேளையும் வகுக்கப்பட்டன. கோயிலுக்கு உரியதைக் கந்தோர் கேட்கவில்லை. கந்தோருக்கு உரியதைப் படுக்கையறை கேட்கவில்லை. ஏற்கெனவே உள்ள ஒழுங்கினுள் தனக்கென ஓர் இடத்தைக் கண்டுகொண்ட ஆடையே நிலைத்தது. எல்லா வேளைக்கும் தன்னையே அணியவேண்டுமென்று கேட்கும் ஆடைக்கு அவ்விடம் கிடைப்பது அரிது.

எனினும், ஆடை மாற்றம் வசதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. மானத்தைப் பற்றிய செய்தியுமாகும். சுவாமி விவேகானந்தர் மேலை நாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு 1897ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் கொழும்பில் வந்திறங்கினார். தம்மை வரவேற்கத் திரண்டவர்களுக்கு அவர் ஆற்றிய சொற்பொழிவுகளுள் ஒன்றில், சபையில் இருந்தோர் பலர் ஐரோப்பிய உடையில் இருக்கக் கண்டு, அதனைக் கண்டித்துப் பேசினார். இன்ன உடைதான் உடுத்தவேண்டுமென்று அவர் விதிக்கவில்லை. சிந்தனையின்றிப் பிறரைப் பின்பற்றும் அடிமை மனத்தையே கடிந்தார்.

அக்குரல் எட்டு ஆண்டுகளின் பின் வேறொருவர் வாயிலாக மீண்டும் ஒலித்தது. 1877ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. தாயார் ஆங்கிலப் பெண்மணி. இங்கிலாந்தில் கல்வி கற்று, இலங்கையின் கனிப்பொருள் அளவைத் துறையின் தலைவராக ஊரூராகச் சென்ற அவர், சுதேசிகள் ஐரோப்பிய உடையைப் பொருத்தமின்றி அணிந்திருப்பதைக் கண்டு மனம் வருந்தி, ‘இரவல் இறகுகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1905இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் அவர் தலைமையில் தோன்றிற்று. பொருந்தாத ஐரோப்பிய வழக்கங்களை ஆராயாமல் மேற்கொள்வதைத் தடுப்பது அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. சிங்கள மக்களிடையே அநகாரிக தர்மபாலர் இதே கருத்தை வேகமாகப் பரப்பினார். பெண்கள் சேலை அணியவேண்டுமென வற்புறுத்தினார். 1911இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டசபைக்குத் தெரிவு செய்யப்பட்ட இராமநாதனோ, மேலங்கியோடு தலைப்பாகையும் தரித்த தோற்றத்திலேயே மக்கள் நினைவில் நிற்கின்றார். புதுமையையும் தன்மானத்தையும் ஒருங்கே சுமக்கும் வழியைப் பலரும் அத்தகைய கலப்பில் கண்டனர்.

தன்மானம் ஓர் ஆடையை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்குக் கதரின் கதை சான்று. 1921ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் அரையாடை பூண்ட காந்தியடிகள், 1927ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்தார். கதர் நிதிக்காகக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிற ஊர்களிலும் பேசினார். மக்கள் மனமுவந்து வழங்கினர். 1933இல் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்க கைராட்டையையும் நெல்வயலையும் பற்றி நூலொன்று வெளியிட்டார். தாமும் சுதேச உடைக்கு மாறினார். அரசியல் மேடைகளில் வெண்ணிற உடை சிறப்புற்றது. ஆயினும், அன்றாட உழைப்பாளியின் உடலில் கதர் நிலையாகத் தங்கவில்லை. அதன் விலையும் கனமும் துவைக்கும் பாடும் அதற்குத் தடையாயின.

இதற்கு நேர்மாறானது நைலோனின் கதை. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான இந்தச் செயற்கை இழை, போருக்குப் பின் உலகமெங்கும் பரவியது. அதனைத் தொடர்ந்து டெரிலின் வந்தது. கொழும்பின் வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் இவற்றைவிடப் பருத்தியே ஏற்றது; வியர்வையை உறிஞ்சும் தன்மை நைலோனுக்குக் குறைவு. இருந்தும் நைலோன் சேலையையும் டெரிலின் சட்டையையும் மக்கள் விரும்பித் தேடினர். காரணம் எளிது. இரவில் அலசிப் போட்டால் காலையில் உலர்ந்திருக்கும், மடிப்புக் கலையாது, பெட்டி போடும் வேலை இல்லை, சாயமும் எளிதில் மங்காது. வீட்டு வேலையின் சுமையை அறிந்த பெண்ணுக்கு இவை பெரும் நன்மைகள். கதருக்கு உயர்ந்த கொள்கை இருந்தது. நைலோனுக்கு உலரும் வேகம் இருந்தது. உடுத்துபவரைப் போலவே துவைப்பவரும் ஓர் ஆடையின் விதியைத் தீர்மானிக்கின்றார் என்பதை இவ்விரு கதைகளும் காட்டுகின்றன.

ஆடையை உடுத்துபவர் ஒருவராக, நெய்பவர் மற்றொருவராக இருக்கும் நிலையையும் மறத்தல் ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் வெள்ளவத்தையில் நூற்பு நெசவு ஆலை எழுந்தது. நாட்டின் மிகப் பெரிய துணி ஆலையாக அது நெடுங்காலம் விளங்கிற்று. சிங்களத் தொழிலாளரும் மலையாளத் தொழிலாளரும் அங்கு அருகருகே உழைத்தனர். 1933ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தத்துக்குக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் துணைநின்றனர். இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் அது ஒரு திருப்பம். இன்று அவ்வாலை இல்லை. அந்நிலத்தில் வானளாவிய குடியிருப்பு மாடங்கள் நிற்கின்றன. ஆனால் நாட்டின் தையல் தொழில் அழியவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், அடுத்த ஆண்டு கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. 1980களில் ஆடை ஏற்றுமதி தேயிலையை விஞ்சிற்று. 1987இல் தொடங்கப்பட்ட மாஸ் ஹோல்டிங்ஸ் போன்ற நிறுவனங்கள், மின்னணுக் கூறுகள் இணைந்த ஆடைகளையும் இப்போது ஆராய்ந்து வருகின்றன. உலகம் உடுக்கப்போகும் திறன் ஆடையை இலங்கைப் பெண்களின் கைகள் தைக்கக்கூடும். அதனை அவர்கள் தாமே உடுத்தும் நாள் வருமா என்பது வேறு கேள்வி.

ஏனெனில், விருப்பம் இருந்தும் உரிமை இல்லாத காலங்களும் இருந்தன. தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் பல ஆண்டுகள் போராடினர். 1859இல்தான் அரசு இணங்கிற்று. யாழ்ப்பாணத்திலும் சாதியின் பெயரால் இன்னார் இன்னவாறுதான் உடுக்கலாமென்னும் கட்டுப்பாடுகள் நிலவின. சட்டை அணிவது ஒருவருக்கு அழகாகவும், மற்றொருவருக்குக் குற்றமாகவும் எண்ணப்பட்ட காலம் அது. மக்கள் ஏன் ஒரு புதிய ஆடையை ஏற்கவில்லை என்று வினவும் அறிஞர், அவர்கள் ஏற்க விடப்பட்டார்களா என்பதையும் சேர்த்து வினவுதல் வேண்டும். முன்னாளில் சாதி தடுத்தது. இந்நாளில் விலை தடுக்கின்றது.

புதுமை பரவும் முறையை ஆராய்ந்த அறிஞர்களுள் ஒருவருக்கும் கொழும்புக்கும் நேரான உறவு உண்டு. பிறைஸ் றயன் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர், நீல் குறொஸ் என்பவருடன் சேர்ந்து ஐயோவா மாநிலத்தின் இரு ஊர்களில் 259 உழவர்களை ஆராய்ந்து, 1943இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1928 அளவில் அறிமுகமான கலப்பினச் சோள விதையை, 1941ஆம் ஆண்டளவில் அவர்களுள் இருவர் நீங்கலாக அனைவரும் ஏற்றிருந்தனர். விதையைப் பற்றிய செய்தியைப் பெரும்பாலோர் முதலிற் கேட்டது விற்பனையாளரிடம். அதனை நம்பியது அயலவரின் சொல்லைக் கேட்டு. அதுவும் முதலாண்டில் ஒரு சிறு துண்டு நிலத்தில் விதைத்துப் பார்த்த பின்னரே முழு வயலுக்கும் விரித்தனர். இந்த றயன்தான் 1940களின் இறுதியில் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, சமூகவியல் கல்விக்கு அடித்தளமிட்டவர்; 1953இல் இலங்கையின் சாதியமைப்பைப் பற்றி விரிவான நூல் எழுதியவர்.

அவ்வழியில் வந்த எவரெற் றொஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூலில், ஒரு புதுமை பரவுவதற்கு ஐந்து இயல்புகள் துணைபுரியும் என்றார். முன்பிருந்ததைவிட நன்மை மிகுந்திருத்தல். மக்களின் வழக்கத்தோடும் மதிப்புகளோடும் இயைதல். கையாளுவதில் சிக்கல் இல்லாதிருத்தல். சிறிதளவில் சோதித்துப் பார்க்க இயலுதல். அதன் பயன் பிறர் கண்ணுக்குப் புலப்படுதல் என்பன அவை. 1989இல் கணினியின் ஏற்பை ஆராய்ந்த பிரெட் டேவிஸ், எளிமையைக் காட்டிலும் பயனுண்டு என்னும் நம்பிக்கையே மக்களை அதிகம் இயக்குகின்றது எனக் கண்டார்.

இவ்வைந்து இயல்புகளும் ஒருங்கே அமைந்த எடுத்துக்காட்டு ஒன்றைக் கொழும்பு தன் வீடுகளிலேயே கண்டது. அதுதான் தையல் இயந்திரம். 1877 முதல் இலங்கையில் சிங்கர் நிறுவனம் வணிகம் நடத்தி வருகின்றது. தவணை முறையில் பணம் செலுத்தும் வழியை அந்நிறுவனம் அமெரிக்காவில் 1856 அளவிலேயே கைக்கொண்டிருந்தது. முழு விலையையும் ஒருங்கே கொடுக்க இயலாத குடும்பமும் அதனால் இயந்திரத்தைத் தன்னதாக்க முடிந்தது. கையால் தைப்பதைவிட விரைவாகத் தைத்தது; தைத்த சட்டையை அயல்வீட்டார் கண்டனர்; கண்டவர் கேட்டனர்; கேட்டவர் வாங்கினர். அது எந்த மரபையும் கைவிடச் சொல்லவில்லை. இரவிக்கையையும் தைத்தது, காற்சட்டையையும் தைத்தது.

மேற்கூறிய ஐந்துடன் ஆறாவதாக ஒன்றைக் கொழும்பின் வரலாறு சேர்க்கின்றது. அதன் பெயர் அச்சம். 1958ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலும் இனக்கலவரத் தீ பரவியபோது, நெற்றியின் பொட்டும் இடுப்பின் வேட்டியும் ஆளை இன்னாரென்று காட்டிக்கொடுத்தன. உயிருக்கஞ்சிப் பொட்டை அழித்த தாய்மாரும் வேட்டியை ஒளித்துக் காற்சட்டை மாட்டிய தந்தையரும் பலர். வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்நாட்களில் ஓர் ஆடையை ஏற்பதற்கும் விடுவதற்கும் வசதியோ அழகோ காரணமன்று. அது தன்னைக் காக்குமா, காட்டிக்கொடுக்குமா என்பதே காரணம்.

போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழர், வீட்டில் தங்குவோரின் விபரத்தைப் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. தன் பெயரும் முகவரியும் எவர் கையில் இருக்கின்றன என்பது உயிர்ப்பிரச்சினையாக இருந்த ஒரு சமூகத்திடம், உடலின் ஒவ்வொரு துடிப்பையும் பதிவுசெய்யும் சட்டையை நீட்டினால், அது முதலில் கேட்கும் கேள்வி விலையைப் பற்றியதாக இராது. இச்செய்தி எவரிடம் செல்கின்றது, எவ்வளவு காலம் அங்கு தங்கும் என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி ஈழத்தவருக்கு மட்டும் உரியதன்று. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடற்பயிற்சி செய்வோரின் பாதைகளைத் திரட்டி ஸ்ராவா என்னும் நிறுவனம் வெளியிட்டிருந்த உலகப் படமொன்றில், பல நாடுகளின் இராணுவ முகாம்கள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. போர்வீரர் கையில் கட்டிய சிறு கருவிகள் அவர்களை அறியாமலே அவர்களிருந்த இடத்தைச் சொல்லிவிட்டன. இலங்கைப் பாராளுமன்றம் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது இத்தகைய ஐயங்களுக்கு விடைகாணும் முயற்சியே. சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று; அது காக்கும் என மக்கள் நம்புவது மற்றொன்று. நம்பிக்கை பிறப்பதற்குச் சட்டத்தைவிட அதிக காலம் வேண்டும்.

கட்டாயத்தினால் ஆடையைப் புகுத்திவிடலாமே என்று எண்ணுவோரும் உளர். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, முன்னெப்போதும் முகக்கவசம் அணியாத கொழும்பு மக்கள் சில கிழமைகளுக்குள் அதனை மேற்கொண்டனர். நோயச்சமும் அரசின் ஆணையும் அயலவரின் பார்வையும் ஒன்றுசேர்ந்தன. வீட்டுத் தையல் இயந்திரங்களிலே கவசங்கள் உருவாயின. ஆனால் ஆபத்துத் தணிந்து ஆணையும் நீங்கியபின், பெரும்பாலோர் அதனைக் கழற்றிவிட்டனர். கட்டாயம் தந்த ஆடை கட்டாயம் நீங்கியதும் போயிற்று. பயனை மனத்தால் உணர்ந்த நோயாளர் சிலர் மட்டும் தொடர்ந்து அணிகின்றனர்.

இப்பாடங்களைக் கையிற்கொண்டு திறன் ஆடையை மீண்டும் நோக்கலாம். 1804 அளவில் பிரான்சு நாட்டு ஜக்கார்ட் அமைத்த தறி, துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி சித்திரத் துணி நெய்தது. அவ்வட்டை முறையையே பின்னர் சார்ல்ஸ் பாபேஜ் தமது கணிப்பொறித் திட்டத்துக்குக் கடனாகப் பெற்றார். தறியிடம் கணினி பட்ட கடனை இப்போது தீர்க்க வந்ததுபோல, கூகிள் நிறுவனமும் லீவைஸ் நிறுவனமும் சேர்ந்து 2017இல் ஜக்கார்டின் பெயராலேயே ஒரு மேற்சட்டையை வெளியிட்டன. விலை 350 டொலர். அதன் கைமுனையைத் தடவினால் தொலைபேசி பாடும், வழி சொல்லும். ஆனால் அச்சட்டையைப் பத்து முறை வரையே துவைக்கலாம் என்று கூறப்பட்டது. சட்டைப்பையில் இருந்த தொலைபேசியே செய்யக்கூடிய வேலையைத்தான் அதுவும் செய்தது. 2023இல் அதற்கான சேவை நிறுத்தப்பட்டது.

‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று சொல்லி வளர்ந்த சமூகம், பத்து முறைக்கு மேல் கசக்க முடியாத ஆடையை எங்ஙனம் ஏற்கும்? நாளுக்கு இருமுறை வியர்வையில் நனையும் கொழும்பில் அச்சட்டையின் ஆயுள் இரண்டு கிழமையைத் தாண்டாது. ஜெயராமனின் குழுவினர் தொடக்கத்திலேயே இதனைச் சிந்தித்து, உணரிகளைக் கழற்றி மாட்டத்தக்கவாறு அமைத்துத் துணியைத் துவைக்க வழிசெய்தமை இங்கு நினைக்கத்தக்கது.

திறன் ஆடையை முந்திக்கொண்டு கைக்கடிகாரம் மக்களை வென்றதற்கும் காரணம் இதுவே. ஒரு கடிகாரத்தை எந்த உடையோடும் அணியலாம். சட்டையோ நாளுக்கொன்று வேண்டும். சேலை உடுத்துபவருக்குச் சட்டை பொருந்தாது. கைக்கடிகாரமும் ஒருகாலத்தில் பெண்களின் அணிகலனாகவே கருதப்பட்டது. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழியிலிருந்த வீரருக்கு அது பயன்பட்ட பின்னரே ஆடவர் தயக்கமின்றி அணிந்தனர். தேவை கண்முன் நின்றபோது நாணம் விலகியது.

அத்தகைய தேவை இன்று எங்கே நிற்கின்றது? வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒழுங்கைகளில், மாடிக் குடியிருப்புகளில் தனித்து வாழும் முதியோர் பலர் உளர். 1983க்குப் பின் பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் குடியேறிவிட்டனர். இரவு நேரத்தில் நெஞ்சு வலித்தால் அழைப்பதற்கு அயலவரே துணை. அத்தகைய தாய் ஒருத்திக்கு, தன் மார்பின் துடிப்பை மகளுக்கு அறிவிக்கும் ஓர் ஆடை விளையாட்டுப் பொருளன்று, துணை.

ஆனால் அவள் அதனை ஏற்பதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அது அவள் என்றும் அணியும் பருத்தி இரவிக்கையாகவே இருத்தல் வேண்டும். வழக்கம்போல் துவைத்து வெயிலில் காயப்போடக் கூடியதாதல் வேண்டும். அவள் ஒரு பொத்தானையும் அழுத்தாமலே அது வேலை செய்தல் வேண்டும். அடுத்த மாடியிலுள்ளவர் அணிந்து பயன்பெற்றதை அவள் காணுதல் வேண்டும். ஒரு மாதம் அணிந்து பார்த்து, பிடிக்காவிடில் திருப்பிக் கொடுக்க வழியிருத்தல் வேண்டும். விலை அவளுடைய ஓய்வூதியத்துக்குள் அடங்குதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் உடல் சொல்வதை அவள் விரும்பியவர் மட்டுமே கேட்டல் வேண்டும். வேண்டாதபோது அதனை நிறுத்தும் உரிமை அவள் கையிலேயே இருத்தல் வேண்டும். தன்னைப் பிள்ளைகள் காக்கின்றார்கள் என்ற எண்ணம் தன்னைக் கண்காணிக்கின்றார்கள் என்ற எண்ணமாக மாறும் கணத்திலே, எத்தகைய அரிய ஆடையும் பெட்டிக்குள் போய்விடும்.

சப்பாத்தையும் பொத்தானையும் ஏற்ற மக்கள், இரவல் இறகுகளை உதிர்க்கவும் அறிந்திருந்தனர். கதரை வணங்கி, நைலோனை உடுத்தினர். தையல் இயந்திரத்தைக் குடும்பத்தில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டனர். அவர்கள் புதுமையை வெறுத்தவரல்லர். அது தம் பயனுக்கும் மானத்துக்கும் உயிருக்கும் எவ்வாறு பொருந்துகின்றது என்று நிதானமாக அளந்து பார்த்தவர்கள். தையற்காரன் துணியை வெட்டுமுன் உடுத்தப்போகிறவரின் உடலை அளக்கின்றான். திறன் ஆடையை ஆக்கும் அறிஞரும் இந்த அளவுகளை முதலில் எடுத்துக்கொள்வாராயின், ஏற்கும் மனம் தானே வரும்.